லாரிக்கு வாங்கிய இரண்டு சுழல்விளக்குகள்: 29 வெள்ளி, 145 வெள்ளி

சிங்கப்பூரில் மரம் வெட்டி அகற்றும் வேலைக்கு நாங்கள் ஓட்டும் 14 அடி லாரிக்கு ஒரே வருடத்தில் இரண்டு சுழல்விளக்குகள் (வண்டி மேல் மின்னும் எச்சரிக்கை விளக்குகள்) வாங்கிவிட்டேன். முதலாவது இணையத்தில் 29 வெள்ளி. இரண்டாவது காக்கி புக்கிட்டில் ஒரு சின்னக் கடையில் 145 வெள்ளி, மாட்டுவதற்கு 60 வெள்ளி தனி. புல் வெட்டும் லாரி, கிரேன், பள்ளம் தோண்டும் வண்டி என்று நம் ஆட்கள் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். “அண்ணே, எந்த லைட் வாங்குறது?” என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். அதனால் இரண்டைப் பற்றியும் முழுதாக எழுதிவிடுகிறேன். விளக்கைப் பற்றி எழுதினால் சட்டத்தைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். இந்தச் சாமானில் இரண்டும் பிரியாது.

முதலில் 29 வெள்ளி விளக்கு. பெட்டியில் தயாரித்தவர் பெயர் இல்லை. சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று நான்கு நிறம், 18 விதமான மின்னல், அடியில் காந்தம், சிகரெட் லைட்டரில் சொருகும் பிளக், 12 வோல்ட்டிலும் 24 வோல்ட்டிலும் ஓடும், தண்ணீர் புகாத ஐபி67 என்று எல்லாம் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். வந்த அன்றே கேபின் கூரையில் ஒட்டி ஒயரைக் கதவு ரப்பர் வழியாக உள்ளே இழுத்துவிட்டேன், பத்து நிமிட வேலை. முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது.

அதன் பிறகு ஒரு சுமத்ரா சூறைக்காற்று. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், அது பெரும்பாலும் விடிவதற்கு முன்னால்தான் வந்து அடித்துவிட்டுப் போகும். அதிகாலை ஐந்து மணிக்கு அழைப்பு, சாலையில் மரம் சாய்ந்து பாதித் தடத்தை மறித்துக் கிடக்கிறது. ஏழு மணி வரை இங்கே இருட்டு. கூம்புகளை வைத்துவிட்டு லாரியை ஓரமாக நிறுத்தி விளக்கைப் போட்டோம். எங்களோடு வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் இயந்திர ரம்பத்தைப் பிடித்து இரண்டு கிளைதான் அறுத்திருப்பார், நிறுத்திவிட்டார். “அண்ணே, அந்த லைட்டை நிறுத்துங்க, கிளை எங்க இருக்குன்னே பிடிபட மாட்டேங்குது” என்றார். நான் போய் அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். விளக்கு படபடவென்று வெட்டி வெட்டி அடிக்கிறது, இலையெல்லாம் ஈரம், ஒவ்வொரு மின்னலுக்கும் கிளை ஓர் அடி நகர்ந்து நகர்ந்து நிற்பது போலத் தெரிகிறது. ஓடுகிற ரம்பத்தின் சங்கிலி நின்றுவிட்டது போல ஒரு கணம் தோன்றியது. கையில் ரம்பம் வைத்திருப்பவருக்கு அதைவிட ஆபத்து வேறென்ன இருக்கிறது? விளக்கை அணைத்துவிட்டு லாரியின் நான்கு சிக்னலையும் ஒன்றாகப் போட்டு வேலையை முடித்தோம்.

வேகமாக மின்னினால் நன்றாகத் தெரியும் என்று நம்பித்தான் பலரும் வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான் வாங்கினேன். இந்த மாதிரி எச்சரிக்கை விளக்குகளுக்கென்றே ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1986 முதல் வைத்திருக்கும் 65ஆம் விதி, நொடிக்கு 2 முதல் 4 முறைதான் மின்ன வேண்டும் என்கிறது. அதற்குக் கீழே போனால் கடந்து போகிறவர் கண்ணில் படாமலே போகலாம், மேலே போனால் கண் தடுமாறும். ஒளி மின்னினால் வலிப்பு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நொடிக்கு 15, 20 என்ற வேகம்தான் மிகவும் ஆபத்து. என் 29 வெள்ளி விளக்கின் 18 விதத்தில் பாதிக்கு மேல் கண்ணால் எண்ணவே முடியாத வேகம்.

வேகத்தைக்கூடக் குறைத்துக்கொள்ளலாம், ஒரு பொத்தானை அழுத்தினால் மாறும். நிறத்தை மாற்றினாலும் நிலைக்காது. இந்த விளக்குக்கு ஞாபகம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் திரும்ப முதல் வகையிலிருந்து தொடங்கும், அந்த முதல் வகை சிவப்பும் நீலமும். மஞ்சளுக்கு வர ஐந்து முறை அழுத்த வேண்டும். அழுத்தும் பொத்தானோ விளக்கின் அடியில், கூரை மேல். அதாவது ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்திக் கிளப்பினால், நான் ஏறி மாற்றும் வரை என் மர லாரி போலீஸ் வண்டி மாதிரி நிற்கும்.

ஒரு நாள் அது நடந்தே விட்டது. வேலை முடிந்து கிளம்பும்போது விளக்கின் சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஒரு சின்னச் சாலையில் முன்னால் போன கார் சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கிப் புல்தரை மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி நின்றது. ஏன் நிற்கிறார் என்று புரியாமலே தாண்டினேன். தாண்டும்போது பார்க்கிறேன், ஓட்டியவர் வயதான பெண்மணி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு பதறிப்போய் இருக்கிறார். எங்களுக்கு வழி விட்டிருக்கிறார். லாரியின் பின்னால் வெட்டிய கிளைகளும் இரண்டு துடைப்பமும்தான் இருந்தன.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது 995க்கு அழைத்து, அந்த ஆம்புலன்ஸில் அவர் கூடவே உட்கார்ந்து போனவன் நான். பிஐஇ விரைவுச்சாலையில் மாலை நேர நெரிசல். முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒவ்வொரு காராக இடமும் வலமுமாக ஒதுங்கியது, லாரிகள் ஒதுங்கின, நடுவில் ஒரு பாதை தானாகத் திறந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முகம் தெரியாத அத்தனை ஓட்டுநர்களுக்கும் மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். சிவப்பும் நீலமும் கண்ணாடியில் தெரிந்தால் உண்மையிலேயே ஓர் உயிர் போராடுகிறது என்று அவர்கள் நம்பியதால்தான் ஒதுங்கினார்கள். அந்த நம்பிக்கையில் இருந்து ஒரு துண்டை அன்று நான் எடுத்துச் செலவு செய்துவிட்டேன். அடுத்த முறை கண்ணாடியில் சிவப்பு நீலம் தெரியும்போது அந்தப் பெண்மணி ஒரு நொடி யோசித்தால், அதற்கு என் விளக்கும் ஒரு காரணம்.

சிங்கப்பூரில் காவல்துறை, குடிமைத் தற்காப்புப் படை வண்டிகளின் தலையில் இருப்பது சிவப்பும் நீலமும். அவற்றுக்கு வழி விடாவிட்டால் அபராதமும் உண்டு, குற்றப் புள்ளிகளும் உண்டு. அனுமதி இல்லாத யாரும் அந்த நிறத்தைத் தொடவே கூடாது. பொதுவாகவே வண்டியில் அனுமதி இல்லாத மாற்றம் செய்தால் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் 5,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். மாற்றிக் கொடுத்த பட்டறைக்காரரும் மாட்டிக்கொள்வார். “சும்மா காந்தத்துல ஒட்டுனதுதானே” என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது. மஞ்சள் விளக்காக இருந்தாலும் மாட்டுவதற்கு முன் உங்கள் வண்டிக்கும் வேலைக்கும் பொருந்துமா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட லாரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும், எங்கள் லாரி அந்தக் கணக்கில்தான் வருகிறது.

இப்படி நாலு நிறத்தையும் ஒரே டப்பாவுக்குள் அடைத்து ஏன் விற்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நிறத்தின் பொருள் நாட்டுக்கு நாடு வேறு, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாமே நீலம். ஜப்பானில் அவசர வண்டிகளுக்குச் சிவப்பு, அங்கே 2004இல் இருந்து நீல விளக்குப் போட்டுக்கொண்டு போவது அக்கம்பக்கத்தைச் சுற்றிப் பார்க்கும் குடியிருப்பாளர்களின் தொண்டூழிய ரோந்து வண்டி. இங்கிலாந்தில் அவசரத்துக்குப் போகும் பதிவுபெற்ற மருத்துவர் பச்சை விளக்குப் போடலாம். விற்பவர் எல்லா ஊருக்கும் ஒரே பொருளை அனுப்பிவிடுகிறார், வாங்குகிற நாம்தான் நம் ஊர்ச் சட்டத்தில் மாட்டுகிறோம்.

இந்தியாவில் இருந்து வந்தவர்களுக்கு இதை வேறு மாதிரிச் சொன்னால் சட்டென்று புரிகிறது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சிவப்பு விளக்கு வைத்த கார் என்றால் அமைச்சர் வருகிறார், அதிகாரி வருகிறார் என்று பொருள். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை இறுக்கியது, 2017 மே 1 முதல் இந்திய அரசு பதவிக்காரர்களின் கார்களில் இருந்து அதை எடுத்தே விட்டது. விளக்கு பதவிக்கு இல்லை, அவசரத்துக்கு மட்டும் என்று ஆனது. எனக்கு அந்த முடிவு மிகவும் பிடித்தது. எங்கள் தம்பிகளிடம் இதைச் சொன்னபோது யாரும் மறு கேள்வி கேட்கவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். காக்கி புக்கிட்டில் வண்டி மின்வேலை செய்யும் கடை, மாடிப் பட்டறைகளின் வரிசையில் ஒரு மூலையில். தவுக்கே, அதாவது கடை முதலாளி, அறுபதைத் தாண்டியவர், மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், பேச்சு குறைவு. போனதும் விலை சொல்லவில்லை. என்ன வேலை, எந்த மாதிரிச் சாலை, இரவிலா பகலிலா, வண்டி எத்தனை வோல்ட், பின்னால் கேனோப்பி, அதாவது கூடாரம் மாதிரி மூடி, இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். ஆணையத்திடம் கேட்டாயா என்றும் கேட்டார். நான் கழற்றிக் கொண்டுபோன பழைய விளக்கைக் கையில் வாங்கி, முதலில் தலைகீழாகத் திருப்பி அடிப்பகுதியைத்தான் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு அலமாரியில் இருந்து இன்னொன்றை எடுத்து அதையும் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

அந்த 65ஆம் விதிக்கான ஒப்புதல் முத்திரை பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருந்தது. ஒரு வட்டம், அதற்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் 4 என்ற எண்ணும். 4 என்றால் நெதர்லாந்து ஒப்புதல் கொடுத்தது, 1 என்றால் ஜெர்மனி, 11 என்றால் பிரிட்டன். பக்கத்தில் ‘டிஏ2’ (TA2) என்ற எழுத்துகள். ‘டி’ என்றால் சுற்றிலும் தெரியும் விளக்கு, ‘ஏ’ என்றால் ஆம்பர், அதாவது மஞ்சள், 2 என்றால் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு அளவு வெளிச்சம். அதன் கீழே அதே ஐக்கிய நாடுகள் ஆணையத்தின் 10ஆம் விதிக்கான இன்னொரு வரி, மின்காந்தத் தொந்தரவு செய்யாது என்பதற்கு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. பழைய விளக்கைப் போட்டால் வண்டியில் ஒலி 96.8 தமிழ் வானொலியைக் கேட்கவே முடியாது, விளக்கு மின்னும் தாளத்துக்கே ரேடியோவும் கரகரக்கும். ரேடியோதான் பழுது என்று நினைத்து ஆன்டெனாவை எல்லாம் மாற்றினேன். புது விளக்கில் அந்தக் கரகரப்பு சுத்தமாக இல்லை.

இரவு வெளிச்சம் குறைவது எனக்கு மிகவும் பயன்படுகிறது. லாரியின் சின்ன விளக்கைப் போட்டாலே சுழல்விளக்கும் தானாகக் குறைந்துகொள்கிற மாதிரி ஒயர் இழுத்துக் கொடுத்தார். மழை பெய்த சாலையில் பழைய விளக்கின் வெளிச்சம் தார் மேல் பட்டுத் திரும்பி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அந்தக் கூச்சத்தில் பக்கத்தில் நிற்கும் ஆள் அவருக்குத் தெரியவே மாட்டார். விளக்கு தெரிந்து ஆள் தெரியாவிட்டால் என்ன பயன்? புது விளக்கில் நூறு அடி தள்ளி நின்று பார்த்தேன், விளக்கும் தெரிகிறது, தம்பியின் சட்டையில் இருக்கும் பிரதிபலிப்புப் பட்டையும் தெரிகிறது.

மாட்டும் இடத்தைப் பற்றி அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். விளக்கைக் கேபின் கூரை மேல் சும்மா வைத்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் இருபது அடி நடந்து, அங்கே காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்குக் குனிந்தார். நானும் குனிந்தேன். விளக்கே தெரியவில்லை, கேனோப்பி முழுசாக மறைக்கிறது. இவ்வளவு நாள் எனக்குப் பின்னால் வந்த யாருக்கும் என் விளக்கு தெரிந்ததே இல்லை! எங்களை இடிக்கக்கூடிய வண்டி பின்னால் இருந்துதான் வரும். பின்பக்கம் இரண்டாவது விளக்கு வைக்கலாம், அல்லது மடக்கும் கம்பத்தில் கேனோப்பிக்கு மேலே உயர்த்தலாம் என்றார். செலவைப் பார்த்துக் கம்பம் போதும் என்றேன். கம்பத்தையும் சேர்த்து உயரத்தை அளந்தே கொடுத்தார், இங்கே 4.5 மீட்டரைத் தாண்டினால் காவல் வண்டித் துணை இல்லாமல் சாலையில் போக முடியாது, எங்களுடையது அதற்கு ரொம்பக் கீழே. ரொம்பத் தாழ்வாக வைத்தாலும் தப்பு, இங்கிலாந்தின் 1989 விதிகளில் சுழல்விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து குறைந்தது 1,200 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்.

ஒயரிங் சுத்தம். தனி ஃபியூஸ், ரிலே, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச், விளக்கு எரியும்போது சுவிட்சிலும் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி எரியும், மறந்துபோய் ஓட்ட வழியில்லை. ஒயரைக் கதவு ரப்பரில் நசுக்காமல், கூரை ஓரமாகக் குழாய்க்குள் விட்டு இறக்கியிருக்கிறார். முன்பு நான் செய்த வேலையில் கதவை அடைத்து அடைத்து ஒயரின் தோல் உரிந்து செம்பு வெளியே தெரிந்ததை அவர் எடுத்துக் காட்டியபோது எனக்குக் குளிர் எடுத்துவிட்டது. 24 வோல்ட் லாரியில் அந்தச் செம்பு வண்டியின் இரும்பில் பட்டால் தீப்பிடிக்கலாம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஐபி67 என்றால் தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் நனையாது என்று பொருள். 29 வெள்ளிப் பெட்டியிலும் அதே எழுத்து இருந்தது, ஆனால் இரண்டாவது மாதமே மூடிக்குள் ஆவி கட்டியது, மூன்றாவது மாதம் திருகாணிகளைச் சுற்றிப் பச்சை பூத்தது. புது விளக்கு எட்டு மாதமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, மூடிக்குள் ஒரு துளி ஈரம் இல்லை.

கடையைப் பற்றிக் குறைகளும் உண்டு. சொன்ன நாளில் விளக்கு வரவில்லை, ஒரு வாரம் என்றார், பதினோரு நாள் ஆனது. நானே இரண்டு முறை அழைத்துக் கேட்டேன். லாரியை அந்த மாடிக்கு ஏற்றுவதும் திருப்புவதும் கஷ்டம், காலை எட்டரைக்கு முன்னால் போனால்தான் இடம் கிடைக்கும். காந்த அடி வைத்த விளக்கு அவர் விற்பதே இல்லை, இரண்டு வண்டிக்கு ஒரே விளக்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது. பேச்சு குறைவு என்றேன் இல்லையா, ரசீதும் கேட்டால்தான் எழுதுவார். ஆனால் வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

விளக்கு வாங்குபவர்களிடம் நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மஞ்சள் விளக்கு எந்த உரிமையும் தராது. “பார்த்து வாங்க, இங்கே ஆள் நிற்கிறார்கள்” என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. இங்கிலாந்தில் மணிக்கு 25 மைலுக்கு மேல் போக முடியாத வண்டி நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்த பெருஞ்சாலையில் போனால் மஞ்சள் விளக்குப் போட்டே ஆக வேண்டும், அங்கே அது கடமை. தேக்காவில் டீ வாங்க, வண்டி நிறுத்தக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டின் மேல் லாரியை நிறுத்திவிட்டுச் சுழல்விளக்கைப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. டீக்கடை வாசலிலும் மின்னுகிறது என்று பழகிவிட்ட கண், நாளைக்கு எங்கள் தம்பி ரம்பத்தோடு நிற்கும் இடத்திலும் சும்மா கடந்துபோகும். எங்கள் குழுவில் ஆட்கள் இறங்கினால் விளக்கு எரியும், கடைசி ஆள் ஏறியதும் அணையும். அதை ஒரு தம்பியின் பொறுப்பாகவே விட்டிருக்கிறோம். கூம்பு, பலகை, தடம் மூடுவதற்கான ஏற்பாடு என்று ஆணையத்தின் நடைமுறைக் கோட்பாடு கேட்பதை எல்லாம் செய்த பிறகுதான் விளக்கு. விரைவுச்சாலை வேலை என்றால் மோதலைத் தாங்கும் மெத்தை பொருத்திய லாரி பின்னால் நிற்க வேண்டும், 145 வெள்ளி விளக்கு அந்த வேலையைச் செய்யாது.

பழைய விளக்கை வீடு மாற்றும் லாரி ஓட்டும் ஒருவர் பத்து வெள்ளிக்குக் கேட்டார். கொடுக்கவில்லை, ஒயரை வெட்டி மூடியை உடைத்துத்தான் குப்பையில் போட்டேன். எங்கள் இரண்டாவது லாரிக்கும் இதே விளக்குக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். நீங்களும் மடக்கும் கம்பத்தில் வாங்குவதாக இருந்தால், கீலுக்கு அடியில் தடித்த ரப்பர் வாஷர் ஒன்று போடச் சொல்லுங்கள். எங்களுடையதில் அது இல்லாமல் மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் கடகடவென்று ஆடியது, தவுக்கே இரண்டாவது முறை வரச்சொல்லிக் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தார்.